தாத்தா வண்டி ஓட்டலாமா?

காரைக்கால்–நாகை நெடுஞ்சாலை எங்கள் திருமலைராயன்பட்டினம் வழியாகத்தான் போகிறது. அறுபது, எழுபது வயசுப் பெரியவர்கள் மொபெட்டில் போவது இங்கே சாதாரணம். "இந்த வயசுல எதுக்கு வண்டி?" என்ற சண்டையும் சாதாரணம். அந்தச் சண்டைக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவில் ஓட்டிய தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், வயதான ஓட்டுநர்களின் சாவு விகிதம் ரொம்ப அதிகம். உடனே "கிழவர்களுக்கு ஓட்டத் தெரியாது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் (காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்) இதில் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. எத்தனை முறை மோதுகிறார்கள் என்பது ஒன்று, மோதினால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது இன்னொன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர் லெனார்ட் எவன்ஸ் 1980களில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரே காரில் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் இருக்கிறார்கள். இருவருக்கும் விழுவது ஒரே அடி. அதில் யார் சாகிறார் என்று ஆயிரக்கணக்கான விபத்துகளை ஒப்பிட்டால் ஓட்டும் திறமை கணக்கிலிருந்து கழிந்துவிடும், உடம்பின் வலிமை மட்டும் மிஞ்சும். 20 வயதுக்காரர் தாங்கும் அதே அடியில் 70 வயதுக்காரர் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வந்தது! 2003-இல் லீ, பிரேவர், சென் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. முதிய ஓட்டுநர்களின் கூடுதல் சாவில் 60 முதல் 95 சதவீதம் வரை உடல் பலவீனத்தால்தானாம்.

காரணம் எலும்பு. காப்பாற்றுகிற சீட் பெல்ட்டே வயதானவரின் விலா எலும்பை முறித்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் சின்ன அடியும் ஆபத்து.

அதற்காக ஓட்டுவதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. சாலைச் சந்திப்பில் திரும்புவதுதான் வயதானவர்களுக்குப் பெரிய சிக்கல். 2019 ஜனவரி 17 அன்று இங்கிலாந்தில் 97 வயது இளவரசர் பிலிப் அப்படி ஒரு சந்திப்பில்தான் மோதினார். வெயில் கண்ணைக் கூசியது என்றார். கார் கவிழ்ந்தும் அவருக்குப் பெரிய காயமில்லை, எதிர்க்காரில் இருந்த பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அடுத்த மாதமே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம் நாட்டில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயதைத் தாண்டியவர் லைசென்ஸைப் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். டாக்டர் சான்றிதழும் வேண்டும். டாக்டர் கண், காது பார்ப்பார். விலா எலும்பை யாரும் கேட்பதில்லை.

மேலே சொன்ன ஆய்வெல்லாம் கார்களை வைத்து. மொபெட்டில் பெல்ட்டும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. இருப்பது ஹெல்மெட் ஒன்றுதான். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு போகிறது.