வெளிநாட்டமைச்சின் இரண்டாம் நாற்காலி: பிரித்தானியத் துணையமைச்சர் பதவி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இராசதந்திர வரலாறு பெரும்பாலும் பிரதமர்களதும் வெளிநாட்டமைச்சர்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்களுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த துணையமைச்சர்கள், பின்னாளில் பெரும் பதவிகளை எய்தினாலன்றி, அடிக்குறிப்புகளுக்குள் மறைந்துவிடுவர். ஆயினும், வெளிநாட்டுக் கொள்கை எவருடைய சொத்து என்ற வினாவுக்கு, அமைச்சரின் வரலாற்றிலும் பார்க்கத் துணையமைச்சரின் வரலாறே தெளிவான விடை தருகின்றது என்பது எமது கருத்து. பிரித்தானிய உதாரணத்தைக் கொண்டு இதனை நோக்குவோம்.

இலக்கிய மாணவராகிய நாம் இப்பொருளுக்கு வந்து சேர்ந்தது ஒரு நாடகாசிரியர் வழியாகவே. 1782இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சு தனித் திணைக்களமாக அமைக்கப்பட்டபோது, சார்ள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸ் அதன் முதல் அமைச்சரானார். அவருக்குக் கீழ் உதவிச் செயலாளராக இருந்தவர் றிச்சட் பிறின்ஸ்லி ஷெரிடன். மேட்டுக்குடியினரின் புறங்கூறலையும் போலிமையையும் மேடையேற்றிப் புகழ் பெற்ற அவர், சில மாதங்கள் அவர்களது அந்தரங்கக் கடிதப் போக்குவரத்தின் நடுவே அமர்ந்திருந்தார். அவ்வாண்டு யூலையில் பிரதமர் றொக்கிங்ஹாம் மரணமடைய, பொக்ஸ் பதவி துறந்தார். ஷெரிடனும் உடன் வெளியேறினார். அக்காலத்தில் உதவிச் செயலாளர் என்பவர் அரசியல்வாதியா, எழுதுவினைஞரா என்பது தெளிவாக வகுக்கப்பட்டிருக்கவில்லை. நிரந்தர உத்தியோகத்தர் ஒருவர், பாராளுமன்றத்தில் அமரும் அரசியல்வாதி ஒருவர் என்ற பிரிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உறுதி பெற்றது.

இப்பிரிவுக்குப் பின்னால் ஒரு வர்க்க உண்மை உண்டு. வாக்குரிமை படிப்படியாக விரிந்து, பொதுமக்கள் சபை நடுத்தர வகுப்பினருக்கும் பின்னர் தொழிலாளரின் ஒரு பகுதியினருக்கும் திறக்கப்பட்ட காலத்திலும், வெளிநாட்டமைச்சு நிலப்பிரபுக்களின் கையிலேயே தங்கியிருந்தது. அமைச்சர் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். கேள்விகளோ பொதுமக்கள் சபையில் எழுந்தன. முடிவெடுத்தவர் ஒருவர், அதற்கு மக்கட் பிரதிநிதிகள் முன் விடை பகர வேண்டியவர் மற்றொருவர். அந்த மற்றொருவரே துணையமைச்சர், மந்திரிசபையில் இடமில்லாதவர். 1895இல் சலிஸ்பரிப் பிரபு பிரதமராகவும் வெளிநாட்டமைச்சராகவும் ஒருங்கே இருந்தபோது, பொதுமக்கள் சபையில் அவருக்காகப் பேசியவர் ஜோர்ஜ் கேர்சன். தாம் உருவாக்காத கொள்கையை மூன்றாண்டுகள் அவர் நாவன்மையோடு காத்தார். அதன்பின் அவருக்கு இந்திய வைசிறோய் பதவி கிடைத்தது.

இவ்வேற்பாடு எமது வாசகர்க்கு அந்நியமானதன்று. சோல்பரி யாப்பின் 46ஆம் பிரிவு, பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சைப் பிரதமரே வகிக்க வேண்டுமென விதித்தது. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க செனற் சபை உறுப்பினராக இருந்துகொண்டு பிரதமர் பதவி வகித்தபோது, பிரதிநிதிகள் சபையில் அவ்வமைச்சுக்காகப் பேசியவர் பாராளுமன்றக் காரியதரிசியான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. சலிஸ்பரியும் கேர்சனும் கொண்டிருந்த அதே அமைப்பு, அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் கொழும்பில். (பீலிக்ஸ் டயஸ் செல்வாக்கற்றவராயிருக்கவில்லை என்பது உண்மையே, ஆனால் அச்செல்வாக்கு அவரிடமிருந்த நிதியமைச்சாலும் குடும்ப உறவாலும் வந்ததேயன்றிக் காரியதரிசிப் பதவியால் வந்ததன்று.)

பிறர் வகுத்த கொள்கையை ஒப்புவிப்பவரே துணையமைச்சர் என்றாலும், ஒப்புவிக்கும் வாய் சிலவேளை கொள்கையை ஆக்கியும் விடும். 1895 மார்ச் 28ஆந் திகதி, றோஸ்பெரி அரசாங்கத்தின் துணையமைச்சர் எட்வேர்ட் கிரே, நைல் நதியின் மேற்பகுதிக்குப் பிரான்ஸ் படையொன்றை அனுப்பின் அது நட்புக்கு மாறான செயலாகக் கொள்ளப்படும் எனச் சபையில் எச்சரித்தார். நைஜர் பிரதேசம் குறித்துக் கடுமையாகப் பேசவே தமக்கு அனுமதியிருந்ததென்றும், அக்கடுமையைத் தாம் நைலுக்கு மாற்றிக்கொண்டதாகவும் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். மந்திரிசபையில் ஹார்கோட் போன்றோர் சினந்தனர். ஆயினும் சொன்னது சொன்னதாகவே நின்றது. மூன்றாண்டுகளின் பின் பஷோடாவில் கிச்சனரின் படையும் மார்ஷானின் படையும் எதிரெதிரே நின்றபோது, அவ்வுரையை ஐரோப்பா மறந்திருக்கவில்லை. ஆபிரிக்க மக்களின் நதியொன்று இரு ஏகாதிபத்தியங்களுக்கிடையே பேரம் பேசப்பட்ட விதம் இதுவே. அதே கிரே 1905இல் வெளிநாட்டமைச்சரானார். 1906இல் தொடங்கிய பிரெஞ்சு இராணுவத்துடனான பேச்சுக்கள் பற்றி முழு மந்திரிசபையும் அறிந்தது 1911இலேயே. பாராளுமன்றம் அறியவந்தது 1914 ஓகஸ்ட் 3ஆந் திகதி, போரின் வாசலில்.

இவ்விடத்திலேதான் ஆதர் பொன்சன்பி முக்கியத்துவம் பெறுகிறார். அவர் தொழிலாள வர்க்கத்திலிருந்து வந்தவரல்லர். வின்சர் மாளிகையில் பிறந்தவர். தந்தையார் விக்டோரியா மகாராணியின் அந்தரங்கச் செயலாளர். தாமும் இராசதந்திர சேவையில் பணியாற்றியவர். அவ்வுலகை உள்ளிருந்து அறிந்தமையாற்போலும் அதன்மீது அவர் கொண்ட வெறுப்பு ஆழமானதாயிற்று. 1914இல் போரை எதிர்த்தார். மொறெல், மக்டொனால்ட், திறெவெலியன் முதலியோருடன் ஜனநாயகக் கட்டுப்பாட்டுக்கான சங்கத்தை அமைத்தார். பாராளுமன்றத்தின் இசைவின்றி எந்த உடன்படிக்கையும் செய்யப்படலாகாது என்பது அச்சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. 1917 நவம்பரில் போல்ஷெவிக்குகள் ஜார் அரசின் இரகசிய ஒப்பந்தங்களை உலகறிய வெளியிட்டபோது, அச்சங்கத்தினர் கூறிவந்தது மெய்யாயிற்று. ஆனால் தாய்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது வசையே. 1918 தேர்தலில் பொன்சன்பி தோற்றார்.

1924 சனவரியில் முதலாவது தொழிற்கட்சி அரசாங்கம் அமைந்தது. மக்டொனால்ட், சலிஸ்பரியைப் போலவே, வெளிநாட்டமைச்சையும் தாமே வைத்துக்கொண்டார். மொறெலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பொன்சன்பி துணையமைச்சரானார். பிரதமர் அலுவல் மிகுதியில் மூழ்கியிருந்தமையால், துணையமைச்சருக்கு வழமைக்கு மாறான இடம் கிடைத்தது. அதனை அவர் வீணாக்கவில்லை. ஏப்பிரல் 1ஆந் திகதி, துருக்கியுடனான லோசான் உடன்படிக்கை பற்றிய விவாதத்தில் அவர் ஓர் அறிவிப்பைச் செய்தார்: இனி, உறுதிப்படுத்தல் வேண்டிய ஒவ்வோர் உடன்படிக்கையும் கைச்சாத்தானபின் இருபத்தொரு நாட்கள் பாராளுமன்றத்தின் மேசையில் கிடக்கும், அதன் பின்னரே உறுதிப்படுத்தப்படும். நாட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய ஏனைய இணக்கங்களும் சபைக்கு அறிவிக்கப்படும் என்றார். அது சட்டமன்று, ஓர் அரசாங்கம் அளித்த வாக்குறுதி மாத்திரமே. பொன்சன்பி விதி என அது பெயர் பெற்றது.

அவ்வரசாங்கம் பெப்ரவரியிலேயே சோவியத் யூனியனை அங்கீகரித்திருந்தது. ஏப்பிரலில் தொடங்கிய பேச்சுவார்த்தையின் சுமையைப் பெரிதும் சுமந்தவர் பொன்சன்பி. புரட்சியில் சொத்திழந்த பிரித்தானிய முதலாளிகளுக்கான நட்டஈட்டுப் பிரச்சினையில் ஓகஸ்ட் 5ஆந் திகதி பேச்சு முறிந்தது. மொறெல், பேர்செல், லான்ஸ்பரி முதலான பின்வரிசை உறுப்பினர்கள் இடைநின்று சமரசம் தேடினர். ஓகஸ்ட் 8ஆந் திகதி உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. பழைய முறையில் அவை அத்தோடு மூடிய கதவுக்குள் உறுதிப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் விதியை வகுத்தவரே அதற்குக் கட்டுப்பட்டார். பாராளுமன்ற ஒப்புதலுக்காகக் காத்திருந்த காலத்தில் எதிர்ப்புத் திரண்டது, லிபரல்கள் கைவிட்டனர். ஒக்டோபர் 8ஆந் திகதி, கம்யூனிஸ்ட் பத்திரிகாசிரியர் காம்பெல் மீதான வழக்கைக் கைவிட்ட விவகாரத்தில் அரசாங்கம் தோற்கடிக்கப்பட்டது. தேர்தலுக்கு நான்கு நாட்களுக்கு முன் டெயிலி மெயில், சினோவியேவினது எனப்பட்ட போலிக் கடிதத்தை வெளியிட்டது. புதிய பழமைக் கட்சி அரசாங்கம் சோவியத் உடன்படிக்கைகளைக் கைவிட்டது, விதியையும் கைவிட்டது. 1929இல் தொழிற்கட்சி மீண்டபோதுதான் விதியும் மீண்டது.

பொன்சன்பியை நாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. அரசு இயந்திரத்தின் வர்க்கத் தன்மையை மேசையில் வைக்கப்படும் தாள்களால் மாற்றிவிடலாம் என்று நம்பிய தாராளவாதியின் மனம் அவரிடம் இறுதிவரை இருந்தது. முதலாளித்துவ அரசு தன் உயிர்நிலையான இரகசியங்களை உடன்படிக்கை வடிவில் எழுதி வைக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதை அவர் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை. எனினும், தம் பதவியின் திசையையே திருப்பிய துணையமைச்சர் அவரைப்போல் வேறொருவரை நாம் அறியோம். அரசின் சொல்லை மக்கள் சபைக்குக் கொண்டுவந்த பதவி, சிலமாத காலம், மக்கள் சபையின் உரிமையை அரசிடம் கோரிற்று.

கணக்கிலெடாத அக்குறையை 1956 வெளிப்படுத்தியது. அன்தனி நட்டிங் பழமைக் கட்சியினர். ஈடனின் அரசியல் வாரிசு எனக் கருதப்பட்டவர். 1954இல் சுயெஸ் தளத்திலிருந்து பிரித்தானியப் படைகள் வெளியேறுவதற்கான ஒப்பந்தத்தில் கெய்ரோவில் கைச்சாத்திட்டவர் அவரே. 1956 ஒக்டோபர் 14ஆந் திகதி, பிரதமரின் செக்கர்ஸ் இல்லத்தில், பிரெஞ்சுத் தூதுவர்கள் முன்வைத்த திட்டத்தை அவர் நேரில் கேட்டார்: இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும், பிரித்தானியாவும் பிரான்சும் சமாதானம் செய்வோர் போலத் தலையிட்டுக் கால்வாயைக் கைப்பற்றும். பத்து நாட்களில் பாரிசுக்கு அண்மையிலுள்ள செவ்ர் என்ற இடத்தில் அது எழுத்தில் உறுதியாயிற்று. பிரித்தானியப் பிரதியை ஈடன் அழிக்கச் செய்தார். பொன்சன்பி விதி அப்போதும் நடைமுறையிலிருந்தது. மேசையில் வைப்பதற்குத்தான் தாள் இல்லை.

குண்டுகள் விழத் தொடங்கியபின், நவம்பர் தொடக்கத்தில் நட்டிங் பதவி துறந்த செய்தி வெளியாயிற்று. பதவி துறக்கும் அமைச்சர் சபையில் விளக்கவுரை ஆற்றுவது மரபு. அவர் ஆற்றவில்லை, பாராளுமன்ற ஆசனத்தையும் விட்டு நீங்கினார். டிசம்பர் 20ஆந் திகதி, இஸ்ரேலின் தாக்குதல் பற்றித் தமக்கு முன்னறிவு இருக்கவில்லையென ஈடன் அதே சபையில் மறுத்தபோது, உண்மையை அறிந்தவர் அங்கிருக்கவில்லை. நட்டிங் தாம் அறிந்தவற்றை நூலாக வெளியிட்டது 1967இலேயே. சுயெஸ் கால்வாயோரத்தில் மாண்ட எகிப்தியர்க்கு அந்தப் பதினொரு ஆண்டு மௌனத்தால் நன்மை எதுவும் விளையவில்லை; பழமைக் கட்சிக்கு விளைந்தது. 1959 தேர்தலில் அக்கட்சி பெரும்பான்மையைப் பெருக்கிக்கொண்டது.

பொன்சன்பியின் வாக்குறுதி சட்டமானது 2010இல், எண்பத்தாறு ஆண்டுகளின் பின். சபை கூடும் இருபத்தொரு நாட்கள் என்ற அளவு அதிலும் நிலைத்தது. உறுதிப்படுத்தல் வேண்டிய உடன்படிக்கைகளுக்கே அது பொருந்தும். நாட்டைக் கட்டுப்படுத்தும் ஏனைய இணக்கங்களும் அறிவிக்கப்படும் என்று 1924இல் சொல்லப்பட்ட இரண்டாவது வாக்குறுதி, செவ்ர் தாளைப் போன்றவற்றைத் தொட்டிருக்கக்கூடியது, அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.