கவுன்சலிங் பலன் தரவில்லையா? முறையை மாற்றிப் பாருங்கள்

முப்பது வயது மகன். நன்றாகப் படித்தவர். ஆனால் எந்த வேலையிலும் ஆறு மாதம் நிலைப்பதில்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போய்விடுகிறார். உறவினர்கள் "திமிர்" என்கிறார்கள். "நிக்காஹ் முடித்து வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் பெரியவர்கள். நம் மஹல்லாக்களில் பழக்கமான காட்சிதான் இது.

இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ இருக்கலாம். இவை மூளை செயல்படும் விதத்தில் உள்ள வேறுபாடுகள். வளர்ந்த பிறகும் தொடரும். வளர்ப்புக் குறையோ ஈமானின் பலவீனமோ இவற்றுக்குக் காரணமல்ல. இவற்றோடு சேர்ந்து வரும் பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கே மனநல ஆலோசனை பெரிதும் தேவைப்படுகிறது.

வழக்கமான ஆலோசனை ஏன் பொருந்துவதில்லை?

"மனதில் என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால் இவர்களில் பலருக்குப் பதில் வராது. தன் உணர்வை இன்னதென்று அடையாளம் காண முடியாத நிலையை 'அலெக்ஸிதைமியா' என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அதிகம். கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் சிலருக்குப் பேச்சே நின்றுவிடும். அறையின் கூசும் விளக்கும் மின்விசிறியின் சத்தமும் சிலரை வதைக்கும். ஏடிஹெச்டி உள்ளவர் வர வேண்டிய நேரத்தையும் வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியையும் மறந்துவிடுவார். ஆலோசகர் "ஒத்துழைக்கவில்லை" என்கிறார். குடும்பமும் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறது.

என்ன மாற்றங்கள் தேவை?

பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2012ல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், சிபிடி எனப்படும் சிந்தனை–நடத்தை சிகிச்சையை எப்படி மாற்றியமைப்பது என்று விளக்குகிறது. அதன் சாரம்:

• உவமை, சாடைப் பேச்சு இல்லாமல் நேரடியாகப் பேசுவது
• எழுதியும் படம் வரைந்தும் விளக்குவது
• எண்ணங்களை அலசுவதைவிட நடைமுறை மாற்றங்களுக்கு முதலிடம் தருவது
• இடையிடையே ஓய்வு கொடுப்பது
• அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேச்சில் பயன்படுத்துவது
• அவர் சம்மதித்தால் குடும்பத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது

ஏடிஹெச்டி உள்ளவருக்கு மொபைல் நினைவூட்டலும், வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பதும் உதவும். மருந்து எடுப்பவர்கள் ரமளானில் தாமாக நிறுத்திவிடாமல், நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தார் கவனத்திற்கு

ஆலோசகரிடம் முதலிலேயே கேளுங்கள்: "ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா? முறையை எப்படி மாற்றிக்கொள்வீர்கள்?" மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ல் தமிழிலும் பேசலாம். ஆட்டிசம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

அவர் ஆலோசகரிடம் சொன்னது அமானிதம். "உள்ளே என்ன பேசினாய்?" என்று துருவ வேண்டாம். நிக்காஹ்வை சிகிச்சையாக்குவது அவருக்கும், நம்பி வரும் பெண்ணுக்கும் செய்யும் அநீதி.

நோய்க்கு மருந்து தேடும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். கி.பி. 934ல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்–பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். மனநல உதவி தேடுவது நமக்கு அந்நியமானதல்ல. துஆவும் செய்வோம், சிகிச்சைக்கும் அழைத்துச் செல்வோம். ஒரு முறை பொருந்தவில்லை என்றால் அடுத்ததைத் தேடுவோம், இன்ஷா அல்லாஹ்.