பேங்க் கட்டியது 78 கோடி டாலர், ஜெயிலுக்குப் போனது யார்? கம்பெனி வரி ஏய்ப்பில் பெரிய அதிகாரிகள் தப்புவது எப்படி?

மாதச் சம்பளக்காரருக்கு வரி ஏய்க்க வழியே இல்லை. பணம் கைக்கு வரும் முன்பே டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள். ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று வரி ஏய்ப்பில் மாட்டினால், பெரும்பாலும் 'அபராதம் கட்டியது' என்ற செய்தியோடு விஷயம் முடிந்துவிடும். "சரி, கம்பெனி கட்டிடுச்சு. முடிவெடுத்த ஆள் என்ன ஆனார்?" இந்தக் கேள்விக்கு விடை தேட, உலகையே உலுக்கிய சுவிஸ் வங்கி வழக்கு ஒன்றைப் பார்க்கலாம்.

யுபிஎஸ் வங்கியில் நடந்தது என்ன?

சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய வங்கி யுபிஎஸ். அமெரிக்கப் பணக்காரர்கள் தங்கள் அரசுக்குத் தெரியாமல் பணத்தைப் பதுக்க இந்த வங்கி உதவியது என்பதுதான் குற்றச்சாட்டு. வெளிநாடுகளில் பெயரளவுக்கு நிறுவனங்களைத் தொடங்கி, அவற்றின் பெயரில் கணக்கு திறந்து, உண்மையான உரிமையாளரை மறைத்தார்கள். சுமார் 20,000 வாடிக்கையாளர்கள், 2,000 கோடி டாலர் சொத்து என்றது அமெரிக்க அரசுத் தரப்பு.

2009 பிப்ரவரியில் யுபிஎஸ் தவறை ஒப்புக்கொண்டு 78 கோடி டாலர் கட்டியது. பதிலுக்கு அமெரிக்க அரசு வழக்கைத் தள்ளிவைத்தது. நிபந்தனைகளை வங்கி நிறைவேற்றியதால் 2010ல் வழக்கு கைவிடப்பட்டது.

போட்டுக் கொடுத்தவருக்கு சிறை, உயரதிகாரிக்கு விடுதலை

இந்த ரகசியத்தை அமெரிக்க அரசிடம் முதலில் உடைத்தவர் பிராட்லி பிர்கன்ஃபெல்ட். அதே வங்கியில் வேலை பார்த்தவர். ஆனால் தன்னுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவரைப் பற்றி முழுமையாகச் சொல்லவில்லை என்று அவர் மீதே வழக்குப் பாய்ந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2009ல் 40 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே வந்த பிறகு, 2012ல் அமெரிக்க வரித்துறை அவருக்கு 10.4 கோடி டாலர் வெகுமதி கொடுத்தது தனிக்கதை.

வங்கியின் செல்வ மேலாண்மைப் பிரிவுத் தலைவராக இருந்த ரவுல் வைல் மீதும் 2008ல் குற்றம்சாட்டப்பட்டது. 2013ல் இத்தாலியில் கைதாகி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார். "கீழே இருந்தவர்கள் செய்தது எனக்குத் தெரியாது" என்பதுதான் அவர் தரப்பு வாதம். 2014 நவம்பரில் ஜூரி அவரை விடுவித்தது. முடிவெடுக்க அவர்களுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஏன் இப்படி?

பெரிய நிறுவனத்தில் ஒரு முடிவு பல மேஜைகளைக் கடந்து வரும். கணக்கு எழுதுபவர் ஒருவர், ஆலோசனை சொல்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் ஒருவர். மேலிடத்தில் இருப்பவருக்குத் தெரிந்தேதான் நடந்தது என்பதை சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசின் வேலை. அது கஷ்டம். அதனால் அபராதத்தை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போடுவது அரசுக்கும் சுலபமாகிவிடுகிறது.

ஆனால் அபராதம் மட்டும் போதுமா? இன்னொரு சுவிஸ் வங்கியான கிரெடிட் சூயிஸ் 2014ல் இதே மாதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு 260 கோடி டாலர் கட்டியது. தலைமைச் செயல் அதிகாரி பதவியில் நீடித்தார். அதன்பிறகும் ஏய்ப்புக்கு உதவியது தெரியவந்து, 2025 மே மாதம் அதன் துணை நிறுவனம் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இந்த முறை சுமார் 51 கோடி டாலர். இடையில் 2023ல் கிரெடிட் சூயிஸை வாங்கியிருந்த யுபிஎஸ்தான் அந்தப் பணத்தையும் கட்ட வேண்டியிருந்தது!

சிறை வரை போன வழக்கு

ஜெர்மனியில் கதை வேறு மாதிரி போனது. அங்கே 'கம்-எக்ஸ்' என்றொரு மோசடி. டிவிடெண்ட் வழங்கும் நாளை ஒட்டி பங்குகளை வேகமாகக் கைமாற்றி, ஒரே ஒருமுறை கட்டிய வரிக்கு ஒன்றுக்கும் மேற்பட்டவர்கள் ரீஃபண்ட் வாங்கினார்கள். "சட்டத்தில் ஓட்டை இருந்தது, பயன்படுத்தினோம்" என்றார்கள். இது குற்றம்தான் என்று 2021ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்தத் திட்டத்தின் மூளையாகக் கருதப்பட்ட வழக்கறிஞர் ஹன்னோ பெர்கருக்கு 2022 டிசம்பரில் 8 ஆண்டு சிறை. அவர் முன்னாள் வரித்துறை அதிகாரி.

பிரிட்டன் 2017ல் தனிச் சட்டமே போட்டது. ஊழியரோ ஏஜென்ட்டோ வரி ஏய்ப்புக்கு உதவினால் நிறுவனமே குற்றவாளி. முதலாளிக்குத் தெரியுமா என்று நிரூபிக்கத் தேவையில்லை. தடுப்பதற்கு நியாயமான ஏற்பாடு செய்திருந்தோம் என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும்.

இந்தியாவில் சட்டம் என்ன?

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதற்கு முந்தைய கணக்குகளுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன் முக்கியப் பிரிவுகள்:

▪ 276சி: வேண்டுமென்றே வரி ஏய்க்க முயன்றால் சிறைத் தண்டனை வரை கிடைக்கலாம்.

▪ 278பி: குற்றம் நடந்தபோது நிறுவனத்தின் நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்தவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். 'எனக்குத் தெரியாது, தடுக்க முயன்றேன்' என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இயக்குநரின் சம்மதமோ அலட்சியமோ இருந்தால் அவரும் சிக்குவார்.

▪ 278இ: குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம்சாட்டப்பட்டவரின் பொறுப்பு.

'கம்பெனியை சிறையில் அடைக்க முடியாதே, பிறகு எப்படி வழக்கு?' என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறை கட்டாயமான குற்றங்களுக்கும் நிறுவனம் மீது வழக்குத் தொடரலாம், அபராதம் விதிக்கலாம் என்று 2005ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

அப்படியானால் அதிகாரிகள் தப்புவது எப்படி?

காகிதத்தில் நம்ம சட்டம் அமெரிக்காவைவிடக் கறார்தான். ஆனால் பாதையில் பல வாசல்கள். வரி, வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் கட்டி, துறையின் ஒப்புதலோடு வழக்கை முடித்துக்கொள்ளும் 'காம்பவுண்டிங்' வசதி உண்டு. டைரக்டர் என்ற பதவிப் பெயர் மட்டும் போதாது. அன்றாட நிர்வாகம் அவர் கையில் இருந்ததைத் துறை முதலில் காட்ட வேண்டும். அதற்குள் வருமான வரித் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஆண்டுகள் ஓடிவிடும்.

உங்களுக்கு இதில் என்ன?

உங்கள் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்த நிறுவனம் அதை அரசுக்குக் கட்டாமல் விட்டால், அதுவும் சிறை வரை போகக்கூடிய குற்றம். பிடித்த அந்தத் தொகையை உங்களிடம் மறுபடியும் கேட்கக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் வேண்டும். எனவே சம்பள ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துவிடுங்கள்.