கோவாத் தூள்

காளானால் வரும் படர்தாமரைக்குப் பூசப்பட்ட பழைய மருந்து. பெயரில் கோவா இருந்தாலும், கிடைப்பது பிரேசிலின் பாகியா மாநிலக் காடுகளில். அங்கு வளரும் அரரோபா என்னும் அவரைக் குடும்ப மரத்தின் வைரத்திலுள்ள வெடிப்புகளில் மஞ்சள் தூளாகப் படிந்திருக்கும். மரத்தைப் பிளந்து சுரண்டி எடுப்பார்கள். அப்போது பறக்கும் தூசி பட்டால் கண் எரியும், முகம் வீங்கும். காற்றுப் படப்பட தூள் பழுப்பேறிக் கருக்கும்.

போர்ச்சுக்கீசியர் வழியாக இது கோவாவுக்கு வந்தது. அங்கிருந்து பம்பாய்க்குச் சென்றபோது எதிலிருந்து எடுப்பது என்பது வெளியே தெரியாத ரகசியமாக இருந்தது. பம்பாய் மருந்தாளுநர் கெம்ப் 1864-இல் இதைப் பற்றி எழுதினார். 1874-இல் மருத்துவர் ஜோசப் ஃபேரர் எழுதிய குறிப்பைப் பார்த்த பாகியா மருத்துவர் டா சில்வா லிமா, இது தங்கள் ஊர் அரரோபாதான் என்று அடையாளம் காட்டினார். ஆனாலும் விற்ற ஊரின் பெயரே நிலைத்தது.

1875-இல் வேதியியலாளர் ஆட்ஃபீல்டு தூளைப் பகுத்துப் பார்த்து, நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கிரைசோபானிக் அமிலம் என்றார். 1878-இல் வேதியியலாளர்கள் லீபர்மானும் சைட்லரும் அதைத் திருத்தினர்: தூளில் பெரும்பகுதி கிரைசரோபின், ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகே அது கிரைசோபானிக் அமிலமாகிறது. இந்த மாற்றம் தோலின் மேலும் நடக்கிறது. மருந்தின் வேகத்துக்கும் எரிச்சலுக்கும் அதுவே காரணம் எனக் கருதப்படுகிறது. துணியில் பட்ட கறையும் லேசில் போகாது.

இதற்கிடையே, 1876-இல் லண்டன் மருத்துவர் பால்மனோ ஸ்குவயர், படர்தாமரை என்று எண்ணி இத்தூளைப் பூசிய ஒருவருக்கு இருந்தது உண்மையில் சொரியாசிஸ் என்றும், அது தணிந்தது என்றும் கண்டார். காளானுக்கு வந்த மருந்து காளானே இல்லாத நோய்க்குக் கைகொடுத்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குச் சரக்கு வராமல் போகவே, அங்கு கிரைசரோபினுக்கு மாற்றாகச் செயற்கையாக டித்ரனால் செய்யப்பட்டது. 1916-இல் அது சிகிச்சைக்கு வந்தது. சொரியாசிஸுக்கு இன்றும் அது பயன்பாட்டில் உண்டு.

படர்தாமரை மருந்தாகக் கோவாத் தூள் வழக்கொழிந்தது. நம் ஊர்களில் அந்நோய்க்கு அரைத்துப் பூசும் சீமை அகத்தி இலையும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததே. அதிலும் கிரைசோபானிக் அமிலம், ரெய்ன், எமோடின் வகைச் சேர்மங்கள் உண்டு. படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோபைட்டன் காளானின் வளர்ச்சியை இலைச்சாறு தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. தட்டில் வளரும் காளானை அடக்குவது தோலின் நோயைத் தீர்ப்பதற்கு ஈடாகாது. ஆயினும் பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை தான் பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் ஒன்றாகச் சீமை அகத்தியைச் சேர்த்துள்ளது.