மணலும் திண்ணையும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் ஆலயத்தை வலம் வருகின்ற யாத்திரிகன், மன்னர் அளித்த நிவந்தங்களையும் ஏற்றி வைத்த நந்தா விளக்குகளையும் உரைக்கின்ற கல்வெட்டுக்களைக் கண்டு, காலத்தை வெல்லுதற்கே எழுத்துப் பிறந்தது என்று எண்ணுவான். இந்நகரைச் சூழ்ந்த சீமையெங்கும், எழுதிய மறுகணமே உள்ளங்கையால் துடைக்கப்பட்டு, துடைத்த இடத்திலேயே மீண்டும் எழுதப்பட்ட வேறோர் எழுத்தும் பல தலைமுறை வாழ்ந்தது. அது திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலெழுத்து.

விஜயதசமியன்று அட்சராப்பியாசம் பெற்ற பிள்ளை, பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி, கையும் கண்ணும் நாவும் செவியும் ஒருங்கே பழகிய பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் உரியவனாவான். கீறிய எழுத்துத் துலங்குவதற்குப் பச்சிலைச் சாற்றோடு கரி குழைத்து ஓலையில் தடவுவார்கள். அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் இராகத்தோடு நெஞ்சில் ஏறும். உபாத்தியாயர் ஒருவரே எல்லாரையும் கவனித்தல் இயலாமையால், முதிர்ந்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை இளையோருக்கு முறை வைத்துச் சொல்லிக்கொடுப்பான்.

1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ, இராஜதானியிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க முற்பட்டார். திருவண்ணாமலை அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1826இல் அவர் கண்ட தொகை 12,498 பள்ளிகள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. சர்க்கார் பாடசாலைகள் பரவுமுன்னரே இத்தனை பள்ளிகளை மக்கள் தாங்கி நின்றமைக்கு, மணலும் ஓலையும் செலவற்ற சாதனங்களாயிருந்தது ஒரு முக்கிய காரணம்.

அவற்றுள் மணலின் அருமையை அதற்கு முன்னரே அயலார் ஒருவர் கண்டுகொண்டார். சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்க்கென 1789இல் ஏற்பட்ட விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒருநாள் குதிரைமேற் செல்கையில், நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பினார். கீழாசிரியர்கள் இணங்கவில்லை, ஆதலின் ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனிடமே இளையோரை ஒப்புவித்தார். மாணாக்கனே மாணாக்கனுக்குக் கற்பிக்கும் இம்முறையை 1797இல் அவர் லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் அங்கே ஏழைச் சிறுவர்க்கு இதையொத்த முறையைக் கையாண்டு, மணற்பலகையையும் அதனோடு சேர்த்துக்கொண்டார்.

நியூயார்க்கில் கறுப்பின மக்களின் குழந்தைகளுக்காக 1787இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆப்பிரிக்க இலவசப் பள்ளி, 1809இல் லங்காஸ்டர் முறையை ஏற்றது. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் 1837இல் வைத்தியப் பட்டம் பெற்ற ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித்தும், நாடக மேடையில் புகழெய்திய ஐரா ஆல்ட்ரிட்ஜும் அப்பள்ளியின் மாணாக்கரே. பின்னர், அடிமைத்தளை நீங்கிய அச்சமூகத்தாருக்கு எழுந்த கல்லூரிகளுள், பிஸ்க் கல்லூரியின் மாணாக்கர் 1871 முதல் மூதாதையரின் அடிமைக்காலப் பாடல்களையே ஊரூராகப் பாடிப் பொருள் திரட்டினர். 1881இல் தோன்றிய டஸ்கீகியில் மாணாக்கரே செங்கல் சுட்டுத் தம் கட்டடங்களை எழுப்பினர். அவர்களுக்குக் கைத்தொழிலும் முன்னோர் பண்பாடும் பாடத்துக்குப் புறம்பாயிருக்கவில்லை. பள்ளியை நிலைநிறுத்திய தூண்களாகவே இருந்தன.

நம் நாட்டிலோ, கடல் கடந்து சென்ற அந்த மணல், ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த சிறு தூரத்தைக் கடக்கவில்லை. மணல் சேரியிலும் உண்டு. திண்ணை வீட்டைச் சேர்ந்தது, வீடு தெருவைச் சேர்ந்தது, அத்தெருவில் கால்வைக்கும் உரிமையற்ற குழந்தைக்கு மணலின் எளிமையால் யாது பயன்? பெரும்பான்மையான ஊர்களில் இதுவே நிலைமை.

இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய சுவாமி சகஜானந்தர், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 1890இல் ஆதிதிராவிடர் குடும்பத்தில் தோன்றியவர். வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராய் அமர்ந்து சாஸ்திரம் பயின்ற அவர், 1916இல் சிதம்பரத்தில், தம்மவர் மக்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, அதற்கு நந்தனார் பெயரை இட்டார். தில்லையின் வாசலில் ஏங்கி நின்ற பக்தனின் பெயரே ஒரு பள்ளியின் வாசலில் எழுதப்பட்டபோது, அங்கு நுழைந்த குழந்தை அகரத்தை அறியுமுன்னரே தன் மரபுக்கும் ஒரு மகிமை உண்டென்பதை அறிந்துகொண்டது. 1959இல் அவர் மறைந்தார், பள்ளி நிலைத்தது.

இன்று மணலின் இடத்தைத் தொடுதிரையும் மடிக்கணினியும் பெற்றிருக்கின்றன. அவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் புதிய கருவியொன்று பள்ளிக்கு வரும்போதெல்லாம், அது எவ்வளவு விரைவாகக் கற்பிக்கும் என்று கேட்பதற்குமுன், அது எந்தத் தெருவின் திண்ணையில் வைக்கப்படுகிறது என்று கேட்பது, மேல்புதுப்பாக்கத்துப் பிள்ளைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.