சிற்றூர் தாங்கும் சுவிட்ச்

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த மதுராந்தகத்தில், அரிசி மண்டியோ ஜவுளிக் கடையோ தன் கணினிகளையும் பில் மெஷின்களையும் கேமராக்களையும் ஒன்றாக இணைக்கச் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சுவிட்ச் வாங்குவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. வந்த செய்தி யாருக்குரியது என்று பார்த்து அவருக்குரிய வழியில் மட்டும் அதைத் திருப்பிவிடுவதே சுவிட்சின் வேலை; அவ்வேலையை முதலில் மனிதக் கைகள் செய்தன, பின்னர் அரசுத் துறையின் பெரும் பொறிகள் செய்தன, இப்போது கடைக்காரரே கட்டுப்படுத்தக்கூடிய சிறு பெட்டி செய்கிறது. இந்த மாற்றம் முழுவதிலும் விலையைவிட முக்கியமாக இருந்த கேள்வி, எத்தகைய ஊரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட கருவி எத்தகைய ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதாகும்.

1882 இல் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்களைத் திறந்தபோது, பலகையின் முன் அமர்ந்த ஆபரேட்டர் ஒருவர் கேட்டவரின் கம்பியையும் கேட்கப்பட்டவரின் கம்பியையும் கையால் இணைத்தார். ஆபரேட்டரின் தயவை நம்ப மறுத்த அமெரிக்கர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர், சவ அடக்கத் தொழில் நடத்திவந்தவர், 1891 இல் தானியங்கி சுவிட்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இந்தியாவின் சிறு ஊர்களை அந்தத் தானியக்கம் எளிதில் எட்டவில்லை. 1960 இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஆபரேட்டரின்றி வெளியூரை நேரடியாக அழைக்கும் எஸ்.டி.டி. வசதி நாட்டில் முதலில் வந்த பிறகும், தாலுகா ஊர்களில் பல ஆண்டுகள் வெளியூர்ப் பேச்சு என்றால் டிரங்க் கால் பதிவுசெய்து, ஆர்டினரியா அர்ஜென்டா என்று கட்டணத்தை எடைபோட்டுக் காத்திருப்பதாகவே இருந்தது.

1948 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிலகம், அறுபதுகளில் பெல்ஜிய நிறுவனம் ஒன்றுடன் உடன்பாடு செய்து, பென்டகான்டா எனப்படும் குறுக்குச் சட்ட வகை இணைப்பகங்களை உருவாக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு தொலைபேசியும் ஒவ்வொன்றிலும் மிதமான பயன்பாடும் இருந்த ஐரோப்பாவுக்கென அமைந்த அப்பொறி, ஒரே தொலைபேசியைத் தெரு முழுவதும் பயன்படுத்திய இந்தியாவின் சுமையைத் தாங்காமல் திணறியது. எண்பதுகளில் பிரான்சிலிருந்து பெறப்பட்ட மின்னணு இணைப்பகங்களோ பெருநகரங்களுக்கு உரியவை. பல்லாயிரம் இணைப்புகளைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டவை, குளிர்சாதனமும் தடையற்ற மின்சாரமும் வேண்டுபவை.

இந்த இடைவெளியை நேராகப் பார்த்து அமைக்கப்பட்டதே 1984 ஆகஸ்டில் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் அரசு ஆய்வு மையம். தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் 36 மாதம், 36 கோடி ரூபாய் என்ற வரம்போடு தொடங்கிய அது, நகரத்துப் பெரிய இணைப்பகத்தைச் சுருக்கிக் கிராமத்துக்குத் தர முயலாமல், 128 முனைகள் மட்டுமே கொண்ட, ராக்ஸ் என்று சுருக்கி அழைக்கப்பட்ட கிராமத் தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்தது. குளிர்சாதனம் இல்லாமலே வெப்பத்தையும் தூசியையும் தாங்க வேண்டும் என்பதை அவ்வடிவமைப்பு முதல் நிபந்தனையாகக் கொண்டது. பழுதான அட்டையைக் கழற்றி மாற்றுவது உள்ளூர்ப் பணியாளருக்கே எளிதாக இருந்தது. உற்பத்தி உரிமம் ஒரே ஆலைக்கு என்றில்லாமல் பல நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. 1986 இல் கர்நாடகத்தின் கிட்டூரில் செயல்படத் தொடங்கிய ராக்ஸ், அடுத்த ஆண்டுகளில் நாடெங்கும் பரவி, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகளின் பெருக்கத்துக்கு அடித்தளமாயிற்று. நகரங்களுக்கெனத் தானே திட்டமிட்டிருந்த பெரிய இணைப்பகத்தைக் குறித்த காலத்துக்குள் முடிக்கவில்லை என்று சி-டாட்டைக் குறைகூறியோர் உண்டு. ஆனால் சிறிய பொறியின் வெற்றியை வைத்துப் பார்த்தால் அக்குறை அற்பமானது.

கணினி வலைகளின் கதை இதற்கு இணையாக வேறிடத்தில் நடந்தது. தொடக்கத்தில் கணினிகளைச் சேர்த்த ஹப், ஒருவர் அனுப்பியதை எல்லோருக்கும் உரக்கச் சொல்லும் கருவி. வினோத் பரத்வாஜ் என்னும் இந்திய வம்சாவளிப் பொறியாளர் இணைந்து நிறுவிய கல்பனா என்ற கலிபோர்னிய நிறுவனம், 1990 இல் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்து அந்த இரைச்சலை முடித்துவைத்தது. 1994 இல் அந்நிறுவனத்தை சிஸ்கோ வாங்கிக்கொண்டது. மேனேஜ்டு சுவிட்ச் என்பது இதன் அடுத்த படி: எந்தப் போர்ட் எதனோடு பேசலாம் என்பதை உரிமையாளரே அமைத்துக்கொள்ளலாம். 1998 இல் தரப்படுத்தப்பட்ட விலான் முறை, ஒரே ஏரியின் வெவ்வேறு மதகுகள் வெவ்வேறு ஆயக்கட்டுக்கு நீர் விடுவதுபோல, ஒரே பெட்டிக்குள் பில்லிங், கேமரா, விருந்தினர் வைஃபை ஆகியவற்றைத் தனித்தனி வலைகளாகப் பிரித்துவிடுகிறது. மாமல்லபுரத்து லாட்ஜில் தங்குபவரின் கைபேசி வரவேற்பறைக் கணினியை எட்டிப்பார்க்காமல் இருப்பது இந்த ஏற்பாட்டினால்தான். கேபிளின் இரு முனைகளையும் தவறுதலாக ஒரே சுவிட்சில் செருகினால் செய்தி சுழன்று சுழன்று வலையே முடங்கிவிடும் என்ற ஆபத்துக்கும், 1985 இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை விடை தந்தது. விலை குறைந்த சாதாரணச் சுவிட்சுகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

மதுராந்தகம் அடங்கிய செங்கல்பட்டு வட்டாரத்தின் சிறு நிறுவனங்களுக்கு இத்தகைய சுவிட்சின் தேவை இரண்டு திசைகளிலிருந்து வந்தது. பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவதற்கான விதிகளைத் தமிழக அரசு 2012 இல் வகுத்தது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. கணக்கை இணையத்துக்குக் கொண்டுபோனது. கேபிள் வழியே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. சுவிட்ச் கேமராக்களுக்கு வசதியானது என்றாலும், ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்ற பழைய தரத்தின்படி எட்டுப் போர்ட்டுகளுக்கும் முழு அளவில் தர 123 வாட்டுக்கு மேல் வேண்டியிருக்க, மலிவான பெட்டிகள் பல மொத்தமாக 60 வாட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. எட்டுக் கேமராக்களும் இரவு விளக்கைப் போடும் நேரத்தில்தான் இந்தக் குறை வெளிப்படும். 40 பாகை வரையே தாங்கும் என்று அட்டையில் அச்சிட்ட கருவியைச் சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் மாட்டுவதும் கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று படும்படி போர்ட்டுகளைத் திறந்துவைப்பதும் கருவியும் இடமும் பொருந்தாத இதே வகைத் தவறுகள்.

மின்னணுப் பொருள்களின் சந்தையான சென்னை ரிச்சி தெருவில், பெரிய நிறுவனங்கள் கழித்த 24 போர்ட் மேனேஜ்டு சுவிட்சுகள் புதிய சிறிய சுவிட்சின் விலைக்கே கிடைப்பதுண்டு. வசதிகளின் பட்டியலில் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் குளிரூட்டிய அறையைக் கருதிச் செய்யப்பட்ட அவற்றின் விசிறிகள் கல்லாவுக்கு அருகே ஓயாமல் இரைகின்றன, மின்கட்டணம் ஏறுகிறது, தயாரித்தவர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டபடியால் கட்டுப்பாட்டுத் திரையே புகுவழியாகிவிடுகிறது. உலாவியிலேயே திறக்கும் எளிய திரையும் விலான், ஸ்பானிங் ட்ரீ ஆகிய இரண்டும் கொண்டு, விசிறியின்றி இயங்கும் எட்டு அல்லது பதினாறு போர்ட் ஸ்மார்ட் சுவிட்சே மதுராந்தகம் போன்ற ஊரின் கடைக்குப் போதுமானது. அதை வாங்குபவர் முதல் நாளிலேயே செய்ய வேண்டியது, ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே எடுத்துவைப்பது.