மேரியா: விலை கொடுத்து வாங்கிய பலி

பலி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. அது நாள்தோறும் பீடத்தில் நாம் உச்சரிக்கும் சொல். ஆயினும் மனிதனை மனிதன் தெய்வத்துக்குப் பலியிட்டான் என்று கேட்டவுடன் நம் நினைவு கடல் கடந்து மெக்சிக்கோவுக்குச் சென்றுவிடுகிறது. அஸ்தேக்குகளின் கோவில் படிகள், கருங்கண்ணாடிக் கல்லால் ஆன கத்தி, மாயர்களின் ஆழ்கிணறுகள், 1519இல் கரையிறங்கிய எர்னான் கோர்த்தேஸ் ஆகிய யாவும் பாடநூல்களின் வழியாக நம்மை வந்தடைந்தவை. எங்கோ, எப்போதோ, யாரோ செய்தது என்று ஆறுதலும் கொள்கிறோம். ஆனால் இதே வரலாறு, பலியும் படையெடுப்புமாக, நம் பழைய சென்னை மாகாணத்தின் எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு மரத்தூண் அதற்குச் சாட்சி. யானைத்தலை வடிவம் கொண்ட அத்தூண் கஞ்சம் மலைப்பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது. மேரியா எனப்பட்ட மனிதப்பலி சில இடங்களில் அத்தகைய தூணில் கட்டப்பட்டு நிறைவேற்றப்பட்டது.

கஞ்சம் மாவட்டம் 1936இல் ஒரிசா தனி மாகாணமாகும் வரை சென்னை மாகாணத்தின் வடகோடியாக இருந்தது. அதன் மலைகளில் வாழ்ந்தவர்கள் கோந்தர். இன்று கந்தா என அழைக்கப்படுபவர்கள். அவர்களுள் எல்லாக் குழுக்களும் மனிதப்பலி இட்டதில்லை. இட்டவர்கள் தாரி பென்னு என்னும் நிலத்தெய்வத்துக்கு இட்டனர். விளைச்சல் செழிக்க வேண்டும், நோய் அகல வேண்டும், மலைச்சரிவில் பயிரிடும் மஞ்சள் நல்ல நிறம் பெற வேண்டும் என்பன அவர்களுடைய வேண்டுதல்கள். இரத்தமின்றி மஞ்சளுக்கு நிறம் ஏறாது என்று அவர்கள் நம்பினர்.

இப்பலியில் நம் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. பலியாகும் மனிதன் விலை கொடுத்து வாங்கப்பட்டவனாக இருத்தல் வேண்டும். அல்லது அவ்வாறு வாங்கப்பட்டவரின் பிள்ளையாகவோ, பெற்றோரே நேர்ந்துவிட்ட பிள்ளையாகவோ இருத்தல் வேண்டும். பஞ்சத்தில் வாடிய பெற்றோர் பிள்ளையை விற்றதுண்டு. சமவெளியிலிருந்து பிள்ளைகளைக் கடத்தி வந்து விற்றவர்களும் உண்டு. வாங்கப்பட்ட மேரியாவை ஊரார் வெறுக்கவில்லை. பல ஆண்டுகள் அன்போடும் மரியாதையோடும் வளர்த்தனர். நிலமும் கொடுத்தனர், மணமும் முடித்து வைத்தனர். பலி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னர் முடியை மழித்தனர். எண்ணெயும் நெய்யும் மஞ்சளும் பூசி, மாலை சூட்டி வணங்கினர். பின்னர் கொன்றனர். உடலின் துண்டுகளை ஊர் ஊராகக் கொண்டுசென்று வயல்களில் புதைத்தனர். பலியின்போது அவர்கள் சொன்ன சொற்களின் கருத்து இது: உன்னை நாங்கள் பறிக்கவில்லை, விலை கொடுத்தே வாங்கினோம், ஆகவே பாவம் எங்களைச் சேராது.

மகளை மேரியாவாக விற்ற தகப்பன் ஒருவனை இன்னொருவன் பழித்து முகத்தில் உமிழ்ந்த நிகழ்ச்சி ஒன்று அக்கால ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. உடனே சுற்றி நின்றவர்கள் அத்தகப்பனைத் தேற்றினராம். உலகம் முழுவதும் வாழ உன் பிள்ளை இறந்தாள், உன் முகத்து எச்சிலை நிலத்தெய்வமே துடைப்பாள் என்று கூறினராம். இதைப் படிக்கும்போது, மக்கள் அனைவருக்காகவும் ஒருவன் சாவது நலம் என்று கயபா சொன்ன வாதம் நம் செவியில் ஒலிக்கவில்லையா? கோந்தர் கொடியவர்கள் அல்லர். தம் உலகம் நிலைத்திருக்கக் கொடுத்தாக வேண்டிய கடன் என்றே அவர்கள் அதைக் கருதினர்.

மெக்சிக்கோவிலும் இதே இயல்பைக் காண்கிறோம். தெஸ்காத்லிபோக்கா என்னும் தெய்வத்துக்கு ஆண்டுதோறும் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்தனர். ஓராண்டு முழுவதும் அவனையே தெய்வமாகப் போற்றி, குழல் ஊதவும் மலர் சூடவும் பயிற்றுவித்து, ஆண்டின் முடிவில் பலியிட்டனர். மாயர் நகரான சிச்சேன் இட்சாவில் கண்டெடுக்கப்பட்ட சிறுவர்களின் எலும்புகளில் நடந்த மரபணு ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆராயப்பட்ட 64 பேரும் ஆண்பிள்ளைகளே. அவர்களுள் இரட்டையரும் இருந்தனர். மெக்சிக்கோ நகரில் 2015இல் தொடங்கிய அகழாய்வில் மண்டையோட்டுக் கோபுரம் வெளிப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 600 மண்டையோடுகள் அங்கே எண்ணப்பட்டன. ஆகவே பலி என்பது வென்றவர்களின் கட்டுக்கதை அன்று. ஆயினும் 1487இல் பெருங்கோவில் திறப்பின்போது 80,000 பேருக்கும் மேல் பலியிடப்பட்டனர் என்று பழைய நூல்கள் கூறும் கணக்கை வரலாற்றாசிரியர் பலர் மிகையென்றே கொள்கின்றனர். பலி மெய், கணக்கு மிகை. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் கொள்வது நேர்மையான வாசிப்பாகும்.

நம் தமிழ் மண்ணுக்கு இது அறவே அயலானதா? அப்படிச் சொல்லிவிட இயலாது. பழைய நெல்லூர் மாவட்டத்து மல்லத்தில் பல்லவன் கம்பவர்மனின் இருபதாம் ஆட்சியாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, படாரிக்கு நவகண்டம் கொடுத்துத் தன் தலையையும் அரிந்து வைத்த வீரனைப் பற்றிக் கூறுகிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தில் கொற்றவையின் காலடியில் தன் தலையை அரிய முற்படும் அடியவனைக் காண்கிறோம். கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டாரின் பரணியும் காளி கோட்டத்தில் தலை கொடுக்கும் வீரர்களை வருணிக்கிறது. அக்கலிங்கத்தின் மீது படை அனுப்பிய சோழரின் தலைநகர், நம் அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்டசோழபுரமே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நவகண்டம் கொடுத்தவன் தன்னைக் கொடுத்தான். அவனுக்கு நடுகல் எழுந்தது, பெயர் நின்றது. மேரியாவோ பிறரால் கொடுக்கப்பட்டவன். அவனுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இனி, படையெடுப்பை நோக்குவோம். கோர்த்தேஸ் மெக்சிக்கோவுக்குச் சென்றது பலியை நிறுத்துவதற்காக அன்று. பொன்னும் நிலமும் தேடியே சென்றான். 1520 மே மாதம் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த மக்களை அவனுடைய தளபதி அல்வராதோ வெட்டி வீழ்த்தினான். அவ்வாண்டே பெரியம்மை பரவியது. 1521 ஆகஸ்டு 13ஆம் நாள் தெனோச்தித்லான் வீழ்ந்தது. கொள்ளை முதலில் வந்தது; பலியைப் பற்றிய அறச்சீற்றம் அக்கொள்ளைக்கு நியாயமாயிற்று.

கஞ்சத்திலும் இதே வரிசைதான். கும்சூர் அரசர் தனஞ்சய பஞ்சா கிழக்கிந்தியக் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய கப்பம் நிலுவையாயிற்று. அதற்காக 1835இல் சென்னைப் படை புறப்பட்டது. மலைக்குள் புகலடைந்த அரசர் அவ்வாண்டே இறந்தார். அடைக்கலம் தந்த கோந்தர் படையை எதிர்த்தனர். ஊர்கள் எரிக்கப்பட்டன, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். இவ்வாறு மலைக்குள் நுழைந்த பின்னரே, 1836இல், சிறப்பு ஆணையர் ஜார்ஜ் ரஸ்ஸலின் அறிக்கை வழியாக மேரியா வழக்கம் அரசின் கவனத்துக்கு வந்தது. வரி பாக்கிக்காகத் தொடங்கிய போர், மனிதநேயப் பணி என்னும் பெயரை இடையில் பெற்றது.

அப்படியானால் பலியை நிறுத்தியது தவறா? ஒருபோதும் இல்லை. 1845இல் தனிச் சட்டமியற்றி மேரியா ஏஜென்சி என்னும் நிர்வாகம் அமைக்கப்பட்டது. முதலில் சாமுவேல் மேக்பெர்சனும், 1847 முதல் ஜான் கேம்பெலும் அதை நடத்தினர். மேக்பெர்சன் கோந்தரின் வழக்குகளைத் தீர்த்து வைத்து அவர்களுடைய நம்பிக்கையைப் பெற முயன்றார். கேம்பெல் படையோடு சென்று தலைவர்களிடம் உறுதிமொழி வாங்கினார். 1837 முதல் 1854 வரை 1,500க்கும் மேற்பட்ட மேரியாக்கள் மீட்கப்பட்டனர். அவர்கள் அனைவரும் கத்தியின் விளிம்பில் நின்றவர்கள் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஊரோடு ஒன்றிக் குடும்பமாய் வாழ்ந்தவர்களும் இருந்தனர். ஆயினும் ஒரேயொரு குழந்தை காப்பாற்றப்பட்டிருந்தாலும் அது நன்மையே. மீட்கப்பட்ட பிள்ளைகள் பலர் பெர்காம்பூரிலும் கட்டாக்கிலும் இருந்த பாப்டிஸ்டு சபையாரின் இல்லங்களில் வளர்ந்தனர்.

மனிதனுக்கு மாற்றாக எருமையைப் பலியிடக் கோந்தர் இசைந்தபோது அவர்கள் சொன்னதாகக் கூறப்படும் மன்றாட்டு வியப்புக்குரியது. மனித இரத்தத்துக்குப் பதில் விலங்கின் இரத்தம் தந்ததற்காக எங்கள் மீது சினம் கொள்ளாதே. இந்தத் துரை மீது சினம் கொள், அவர் அதைத் தாங்க வல்லவர் என்று தெய்வத்திடம் முறையிட்டனராம். இதில் சிரிப்புக்கு இடமுண்டு, சிந்தனைக்கு மேலும் இடமுண்டு. முன்னர் விலையின் மீது ஏற்றப்பட்ட பாவம் இப்போது துரையின் மீது ஏற்றப்பட்டது. பாவத்தைத் தம் தோளிலிருந்து இறக்கி வைக்க ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. துரைக்கும் அத்தேவை இருந்தது. எரித்த ஊர்களையும் தூக்கிலிட்ட தலைவர்களையும் மறக்க, மீட்ட பிள்ளைகளின் கணக்கு அவருக்கு உதவியது. ஆங்கிலேய ஆட்சியே கோந்தரைப் பலிகொண்டது என்று ஃபெலிக்ஸ் பேடல் 1995இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். அது முற்றும் மிகையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இச்சிக்கலை நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்ட துறவி ஒருவர் நம் திருச்சபையில் இருந்தார். அவர் தொமினிக்கன் சபையின் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ். 1550, 1551 ஆண்டுகளில் வல்லதோலித் நகரில் செபுல்வேதாவோடு அவர் வாதிட்டார். மனிதப்பலி இடும் மக்கள்மீது போர் தொடுப்பது நியாயமே என்றார் செபுல்வேதா. லாஸ் காசாஸ் பலியை நியாயப்படுத்தவில்லை. ஆனால் கடவுளுக்குத் தம்மிடமுள்ள சிறந்ததையே கொடுக்க வேண்டும் என்னும் உள்ளுணர்வு அதில் வழிதவறி நிற்கிறது என்று கண்டார். சிலரைக் காப்பதற்காகப் பலரைக் கொல்லும் போர் பெருந்தீமை என்றார். அதே திருச்சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தெ லாந்தா, 1562இல் மானியில் மாயரின் ஏடுகளைத் தீயிலிட்டார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஒரே நற்செய்தியை வாசித்த இருவர், ஒருவர் மக்களுக்காக வாதாடினார், மற்றவர் அவர்களின் நினைவையே எரித்தார். சமய நம்பிக்கை மட்டும் மனிதனை இரக்கமுள்ளவன் ஆக்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலைநாட்டின் புண் முற்றும் ஆறிவிடவில்லை. மேரியாவுக்கு ஆள் தேடிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பாணர் என்னும் தாழ்த்தப்பட்ட நெசவாளர் குலத்தார் என்று ஆவணங்கள் கூறுகின்றன. வாங்கியவனும் விற்றவனும் அருகருகே வாழ வேண்டியிருந்தது. பின்னாளில் பாணர் பலர் கிறிஸ்தவராயினர். நிலம், இட ஒதுக்கீடு, அரசியல், மதம் என்று பல காரணங்கள் சேர்ந்து கந்தமால் மாவட்டத்தில் 2008 ஆகஸ்டில் வன்முறையாக வெடித்தன. பலர் கொல்லப்பட்டனர், பல்லாயிரவர் காட்டிலும் முகாமிலும் தங்கினர். தாக்குண்ட அருட்தந்தை பெர்னார்டு திகால் அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் நம் சென்னையில் உயிர்துறந்தார். ஒரு மக்களை முற்றும் கொடியவராகவும் மற்றொரு மக்களை முற்றும் தூயவராகவும் காட்டும் எந்தக் கதையும் அங்கே அமைதியைத் தராது. பழியை ஒருவர்மீது மட்டும் சுமத்தும் பழக்கமும் ஒருவகைப் பலியே.

இன்னொரு செய்தியும் உண்டு. நியம்கிரி மலையில் பாக்சைட்டு வெட்டுவது பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் கருத்தைக் கேட்கச் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்தன. மறுத்தவர்களுள் பெரும்பாலோர் தொங்கரியா கோந்தர். முன்னோர் நிலத்துக்கு மனித உயிரைக் கொடுத்தனர். பேரப்பிள்ளைகள் நிலத்தை விலைக்குக் கொடுக்க மறுத்தனர். நிலத்துக்கு நாம் கடன்பட்டவர்கள் என்னும் உணர்வு, இரத்தமின்றியும் வாழ முடியும் என்பதை அவர்கள் காட்டினர்.

பச்சைமலையைப் பார்த்து வாழும் பூலாம்பாடிப் பகுதியினராகிய நமக்கு இதில் பங்கு என்ன? மேரியாவைக் கொன்ற கத்தியைவிட, விலை கொடுத்தோம் ஆகவே பாவம் இல்லை என்ற சொல்லே நமக்கு அச்சம் தர வேண்டும். அச்சொல் இன்னும் சாகவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்து இறந்தவனுக்காகக் கூலி கொடுத்தோம், இழப்பீடும் கொடுத்தோம் என்கிறோம். முன்பணத்துக்காகச் செங்கல் சூளையில் குடும்பமாய்க் கட்டுண்டவர்களைப் பார்த்து, பணம் வாங்கினார்களே என்கிறோம். அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் தோண்டிய பெருங்குழிகளின் ஓரத்தில் வாழ்வோரிடமும், நிலத்துக்கு விலை கொடுத்தாயிற்றே என்கிறோம். எங்கோ ஒருவர் சிதைய, நம் வீட்டு விளைச்சல் செழிக்கிறது.

திருத்தூதர் பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது விலை என்னும் சொல்லையே எடுத்தாள்கிறார். ஆனால் அங்கே பொருள் தலைகீழாகிறது. மற்றொருவரைக் கொடுத்துத் தம் வாழ்வை வாங்கியவர் அல்லர் அவர் காட்டும் ஆண்டவர். தம்மையே கொடுத்து மற்றவரை விடுவித்தவர். நாம் பீடத்தில் நினைவுகூரும் பலி இதுவென்றால், பிறருடைய உயிருக்கு விலை பேசும் எந்த ஏற்பாட்டிலும் நாம் அமைதியாகப் பங்குகொள்ள இயலாது. எழும்பூர்த் தூண் கோந்தரைப் பற்றி மட்டும் பேசவில்லை. யாரைக் கட்டி வைத்து நீங்கள் வாழ்கிறீர்கள் என்று அது நம்மையும் கேட்கிறது. அக்கேள்விக்கு நாணயத்தை எண்ணிக் காட்டுவது விடையாகாது.